அந்தக் கல் என்னை எங்கே கொண்டுபோய் விடும்?

டயானா கபால்டன் எழுதிய 'அவுட்லேண்டர்' நாவலை முழு மனசோடு நேசிக்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று தள்ளவும் முடியவில்லை. காதல் கதையாக அது என்னை வென்றுவிட்டது. அந்தக் காதல் நடக்கிற கடந்த காலம்தான் தொண்டையில் நிற்கிறது. ஏன் என்று எனக்கே தெளிவாக வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பதிவு. கதை முழுவதும் இதில் வரும். இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் படித்துவிட்டு வாருங்கள்.

முதலில் கதை. 1945. போர் முடிந்த கையோடு கிளேர் என்கிற ராணுவ நர்ஸ், போரால் பல வருஷம் பிரிந்திருந்த கணவன் ஃப்ராங்க் ரேண்டலோடு ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் ஊருக்கு இரண்டாவது தேனிலவு வருகிறாள். ஃப்ராங்க் வரலாற்று ஆசிரியர், அங்கேயும் தன் முன்னோர்களைத் தேடிக்கொண்டு ஏடுகளுக்குள் தலையை விட்டிருக்கிறான். ஊருக்கு வெளியே ஒரு குன்று, அதன் மேல் ஆளுயரத்துக்கும் மேலான கற்கள் வட்டமாக நிற்கின்றன. அதில் ஒரு கல்லுக்குள் போய் வெளியே வந்தால் வருஷம் 1743. அங்கே அவள் பார்க்கும் முதல் ஆள் ஃப்ராங்கின் அதே முகத்தோடு இருக்கிறான். அவனுடைய மூதாதை ஜொனாதன் ரேண்டல், ஆங்கிலேயப் படையின் கேப்டன், கொடூரன். அவன் கையிலிருந்து தப்பி மெக்கன்சி குலத்து மலைநாட்டு ஆட்களிடம் வந்து சேர்கிறாள். ரேண்டல் அவளை விசாரணைக்கு இழுத்துப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் அவள் ஸ்காட்லாந்துக்காரனின் மனைவியாக வேண்டும். அப்படி அவசரத்துக்கு நடக்கிற கல்யாணம் ஜேமி ஃப்ரேசரோடு. அதற்கப்புறம்தான் காதல்.

கபால்டன் அமெரிக்கர், அறிவியல் படித்தவர். ஒரு நாவலை எப்படி எழுதுவது என்று பழகிப் பார்ப்பதற்காக 1988-இல் இதை ஆரம்பித்தார். அப்போது அவர் ஸ்காட்லாந்துக்குப் போனதே இல்லை. 1991-இல் புத்தகம் வந்தது. இந்தத் தகவலைப் படித்தபோது எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. காணாத ஊரின் ஈரத்தையும் புகையையும் எழுத்தில் கொண்டுவந்திருக்கிறார்.

நான் பினாங்கில் நர்ஸாக வேலை செய்கிறேன். இந்தப் புத்தகத்தை எனக்கு வாங்கித் தந்தவள் அக்காள் மகள். சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன அல்லவா, அங்கே கிடைத்ததாம். "சின்னம்மா, நாயகி உங்க ஆளு, படிங்க" என்றாள். அவள் சொன்னது சரிதான். முதல் நூறு பக்கத்துக்குள் நான் விழுந்துவிட்டேன், விழுந்த இடமும் ஜேமியின் அழகைப் படித்த இடமில்லை. அவனுடைய தோளைப் பார்த்த இடம்.

ஜேமிக்குத் தோள் மூட்டு நழுவியிருக்கிறது. சுற்றி நிற்கும் ஆண்கள் அவனைப் பிடித்து அழுத்தி, பலத்தைக் காட்டி உள்ளே தள்ளப் பார்க்கிறார்கள். கிளேர் அப்போது அவர்களிடம் அகப்பட்டுக்கொண்ட அந்நியப் பெண், வாயைத் திறந்தால் உயிருக்கு ஆபத்து. ஆனாலும் தாங்க மாட்டாமல் கத்தி நிறுத்துகிறாள், அப்படித் தள்ளினால் கை முறிந்துவிடும் என்று. தோள் நழுவி வந்த நோயாளியைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நழுவிய தோள் வட்டமாக இருக்காது, பலகைபோல் சதுரமாகத் தெரியும். கையை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து, மூச்சைக்கூட அளந்து விடுவார்கள். அவசரப்பட்டு இழுத்தால் தசை இன்னும் இறுகும். மெதுவாக, மேற்கை எலும்பைச் சரியான கோணத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு கட்டத்தில் அதுவாகவே உள்ளே போய் உட்காரும். உட்கார்ந்த நொடியில் நோயாளியின் முகம் மாறும் பாருங்கள், அதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம். அந்த மாற்றத்தைக் கபால்டன் எழுதியிருக்கிறார். வலி போன ஆச்சரியத்தில் ஜேமி அவளைப் பார்க்கிறான். காதல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று நான் அடித்துச் சொல்வேன்.

அப்புறம் ஒரு தழும்பு. சூனியக்காரி என்று குற்றம் சாட்டி கிளேரையும் கெய்லிஸ் என்கிற இன்னொரு பெண்ணையும் ஊர் கூடி விசாரிக்கிறது. கெய்லிஸ் ஆடையைக் கிழித்துக்கொண்டு நிற்கும்போது அவளுடைய மேற்கையில் பெரியம்மைத் தடுப்பூசித் தழும்பு தெரிகிறது. 1743-இல் யாருக்கும் அம்மைத் தடுப்பூசி கிடையாது. ஜென்னர் அதைக் கொண்டுவந்தது 1796-இல். ஊரார் கண்ணுக்கு அது பிசாசு வைத்த முத்திரை, கிளேர் கண்ணுக்கு மட்டும் அது இவளும் என்னைப்போல் கல்லைத் தாண்டி வந்தவள் என்பதற்குச் சாட்சி. படித்ததும் என் இடது தோளில் இருக்கும் பி.சி.ஜி. என்கிற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். காலத்தைக் கடந்து வந்தவர்களைக் காட்டிக்கொடுக்க எத்தனையோ வழி இருக்கும்போது ஊசித் தழும்பைத் தேர்ந்தெடுத்த மூளைக்கு ஒரு கும்பிடு.

ஆனால் நாவலின் உயிர் இருக்கிற அத்தியாயம் அதற்கு அடுத்து வருவது. கிளேர் கடைசியில் ஜேமியிடம் உண்மையைச் சொல்கிறாள். எந்த வருஷத்தில் பிறந்தேன், எப்படி வந்தேன், அங்கே எனக்கு ஒரு புருஷன் இருக்கிறான், எல்லாவற்றையும். அவன் நம்புகிறான். நம்பியதோடு நிற்காமல் அவளை அந்தக் குன்றுக்கே கூட்டிக்கொண்டு வந்து, உன் வீட்டுக்குப் போ என்று விட்டுவிட்டு இறங்கிப் போகிறான். அவள் கற்களுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், பொழுது சாய்கிறது. ஒரு பக்கம் சுடுதண்ணீர், மின்விளக்கு, சட்டப்படி கட்டிய கணவன். இன்னொரு பக்கம் பேனும் பஞ்சமும், இன்னும் மூன்று வருஷத்தில் வரப்போகும் தோல்வியும், அவனும். இறங்கி அவனிடம் போகிறாள். இதைப் படித்தபோது அழுதேன். ஒருத்தியை விரும்புகிறவன் அவளுக்குக் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நிற்பது என்பது நம் கதைகளிலும் சினிமாவிலும் நான் அதிகம் பார்க்காதது.

சரி, இனி என் மனஸ்தாபம்.

இதே ஜேமி, அந்தக் குன்றுக்கு வருவதற்கு முன்னால், கிளேரை இடுப்பு வாரால் அடிக்கிறான். அவன் இருக்கச் சொன்ன இடத்தில் இருக்காமல் அவள் கற்களைத் தேடிப் போய் ஆங்கிலேயர்களிடம் பிடிபட்டாள், அவளை மீட்கப் போன எல்லார் உயிருக்கும் ஆபத்து வந்தது, ஆகவே தண்டனை. அந்தக் காலத்து வழக்கம், குலத்துச் சட்டம் என்று நாவல் காரணம் அடுக்குகிறது. பிறகு தன் குறுவாளின் மேல் ஆணையிட்டு இனிக் கை ஓங்க மாட்டேன் என்கிறான். அடித்ததைவிட அதைச் சொல்கிற விதம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. விடுதியில் இருக்கும் ஆண்கள் கேலி பேசுகிறார்கள், மறுநாள் அவளால் குதிரையில் உட்கார முடியாததைச் சிரிப்பாகச் சொல்கிறது கதை.

நான் வேலை செய்த வார்டுகளில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். வழுக்கி விழுந்தவருக்கு முதுகில் கோடு கோடாகக் காயம் வராது. பக்கத்தில் கணவர் நின்றுகொண்டு மனைவிக்குப் பதில் அவரே பேசுவார். நாங்கள் ஏதாவது ஒரு பரிசோதனையின் பேரைச் சொல்லி அந்தப் பெண்ணை மட்டும் தனியே உள்ளே கூட்டிப் போய்க் கேட்போம். நம் அரசு மருத்துவமனைகளில் ஓ.எஸ்.சி.சி. (ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர்) என்று இதற்கென்றே ஏற்பாடு இருக்கிறது. இந்த நாவல் வந்து மூன்று வருஷம் கழித்து, 1994-இல், குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டமும் மலேசியாவில் நிறைவேறியது. இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்கிற கண்ணுக்கு அந்தப் பக்கங்கள் சிரிப்பாக இல்லை. "அந்த ஒரு சீனை வெச்சு மொத்தக் கதையையும் தள்ளிடாதீங்க சின்னம்மா, அது 1743" என்கிறாள் அக்காள் மகள். கதை நடப்பது 1743-இல், எழுதியது 1988-க்குப் பிறகு. கிளேரின் கண் வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்க்கிறோம், அவளோ 20-ஆம் நூற்றாண்டின் பெண். அவள் எல்லாவற்றையும் இவ்வளவு சீக்கிரம் ஆற்றிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

கடைசிப் பகுதியில் வென்ட்வொர்த் சிறையில் ஜேமிக்கு ரேண்டல் செய்வதைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். ஆணுக்கும் அப்படிப்பட்ட கொடுமை நடக்கும், அதற்கப்புறம் அவனுக்கும் உடம்பு ஆறினாலும் மனசு ஆறாது என்று காட்டியதற்கு ஆசிரியரைப் பாராட்ட வேண்டும். ஆனால் தொடராக நீள்கிற இந்தக் கதையின் முதல் பாகமான இந்த நாவலில் ஆணை நாடும் ஆண்கள் என்று வருகிற இரண்டு பேருமே மோசமானவர்கள். பின்னால் வரும் பாகங்களில் ஜான் கிரே என்ற கண்ணியமான ஆளைக் கொண்டுவந்தார் என்று அக்காள் மகள் சொல்கிறாள். முதல் பாகத்தை மட்டும் படித்து நிற்கிற வாசகருக்கு அது தெரியப் போவதில்லை.

இவையெல்லாம் யார் படித்தாலும் சொல்லக்கூடியவை. எனக்கென்று ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

நாவல் முழுக்க ஒரு தேதி தொங்கிக்கொண்டே இருக்கிறது: 1746 ஏப்ரல் 16. கல்லோடன் போர். ஒரு மணி நேரம்கூட நீடிக்காத போர். பிரிட்டன் அரியணையைத் தன் ஸ்டூவர்ட் குடும்பத்துக்கு மீட்க வந்த இளவரசர் சார்லஸின் பக்கம் நின்ற மலைநாட்டுக் குலங்கள் அங்கே அழிந்தன. அதற்கப்புறம் அவர்களுடைய கட்டம்போட்ட உடைகூடச் சட்டப்படி தடை, 1782 வரைக்கும். கிளேருக்கு இது முன்கூட்டியே தெரியும். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதில் யார் யார் சாகப் போகிறார்களோ என்று அவள் மனசு கணக்குப் போடும். நமக்கும் நெஞ்சு கனக்கும். நம் தமிழ்ச் சரித்திர நாவல்களில் எழுத்தாளரே வாசகரின் கையைப் பிடித்துக்கொண்டு, இவன் பிற்காலத்தில் இப்படி ஆகப் போகிறான் என்று சொல்லிக்கொண்டே அழைத்துப் போவார். இங்கே அந்த வேலையை நாயகி செய்கிறாள், அதனால் சோகம் அவளுடைய சொந்தச் சோகமாகிவிடுகிறது. அருமையான உத்தி.

நானும் அந்த மலைநாட்டு மக்களுக்காக உருகினேன். உருகியதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர்களுடைய கதை கல்லோடனோடு முடியவில்லை. உடைத் தடைச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: பிரிட்டிஷ் படையில் சேர்ந்தால் அதே உடையைப் போட்டுக்கொள்ளலாம். ஜான் மெக்கன்சி, மெக்லியட் பிரபு என்று ஒருவர் இருந்தார். நாவலில் வருகிறவர் அல்ல, நிஜ மனிதர். 1745-இல் தகப்பனோடு சேர்ந்து இளவரசர் சார்லஸ் பக்கம் நின்றார், பிடிபட்டார், மன்னிக்கப்பட்டார், சுவீடன் படைக்குப் போனார். பிறகு எந்த அரச குடும்பத்தை எதிர்த்தாரோ அதே குடும்பத்துக்காக 1777-இல் மலைநாட்டு ஆட்களைத் திரட்டி ஒரு படைப்பிரிவு உண்டாக்கினார். அந்தப் படை 1780-இல் சென்னையில் இறங்கியது. அதே வருஷம் காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியின் படையோடும் திப்புவின் படையோடும் மோதியது. அடுத்த வருஷம் பரங்கிப்பேட்டையில் 'பேக்பைப்' என்கிற பைக்குழல் ஊதிக்கொண்டு போரிட்டது. கல்லோடனுக்குப் பிறகு 34 வருஷம்தான். ஜேமியின் வயதொத்தவர்களின் பிள்ளைகள் நம் கழனிகளில் துப்பாக்கியோடு நின்றார்கள்.

பிறகு மலாயா. ஜார்ஜ் டவுனிலிருந்து கடலைத் தாண்டித் தெற்கே போனால் நிபோங் தெபால். அங்கே கலிடோனியா தோட்டம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் பழைய பெயரையே வைத்திருக்கிறார்கள். 99 கதவு பங்களா என்று ஊரார் சொல்லும் பாழடைந்த மாளிகை அங்கேதான். முதலில் கரும்பு, பிறகு ரப்பர். அந்த வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பெரும்பாலோர் நம் ஆட்கள். 1910-இல் ஒப்பந்த முறை ஒழிந்தது, கங்காணி முறை தொடர்ந்தது. மலாயாவில் எத்தனையோ தோட்டங்களில் பெரிய துரையாக உட்கார்ந்திருந்தவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். என் பாட்டி சின்ன வயசில் நாகப்பட்டினத்தில் ஏறி வந்த 'ரஜுலா' கப்பல்கூட 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டதுதான்.

எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. பினாங்கு உயர் நீதிமன்றத்துக்கு எதிரே நிற்கிற லோகன் நினைவுச் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகனும் ஸ்காட்லாந்துக்காரர். வெள்ளைக்காரர் அல்லாதவர்களின் உரிமைக்காக வாதாடிய வழக்கறிஞர். அப்படியும் ஆட்கள் இருந்தார்கள்.

ஆனாலும் என் மனசு கேட்கிற கேள்வி மாறவில்லை. நிலத்தைப் பறிகொடுத்து, உடையைப் பறிகொடுத்து, குலம் சிதறி நின்ற மக்களுக்காக என்னை எண்ணூறு பக்கம் அழ வைக்கிறது நாவல். அதே மக்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்னொரு சனத்தை நிலத்திலிருந்து பெயர்த்து லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் அடைத்ததற்கு அழ எனக்கு இன்னும் ஒரு நாவல் கொடுக்கப்படவில்லை. கபால்டன் அதை எழுதவில்லை என்று அவரைக் குறை சொல்வது அநியாயம், அது அவர் வேலை இல்லை. ஆனால் என் கண்ணீர் அவ்வளவு சுலபமாக ஒரு பக்கம் மட்டும் ஓடியது எனக்கு உறுத்துகிறது.

காலப் பயணக் காதல் என்கிற வகைக்கே ஒரு நிபந்தனை இருக்கிறது. போகிற இடத்தில் நாயகியை ஒருத்தியாக மதித்துப் பேச ஆள் இருக்க வேண்டும். கிளேர் அழுக்கு உடையோடு வந்து சேர்ந்தாலும் அவளுடைய பேச்சைக் கேட்டு, தோலைப் பார்த்து, இவள் யாரோ நல்ல குடும்பத்துப் பெண் என்று கோட்டையில் அறை கொடுக்கிறார்கள். சந்தேகத்தோடு என்றாலும் மேசையில் இடம் கிடைக்கிறது, வைத்தியம் பார்க்க ஒரு மருந்தறையும் கிடைக்கிறது. கல்லைத் தாண்டும் திறன் பரம்பரையாக வருவது, எல்லாருக்கும் கல் திறக்காது என்று பின்னால் வரும் பாகங்கள் சொல்கின்றனவாம். நான் முதல் பாகத்திலேயே அதை உணர்ந்துவிட்டேன். எனக்கு ஒரு கல் திறந்தால் அது கோட்டை வாசலில் கொண்டுபோய் விடாது. விடிகாலைப் பெரட்டில், கையில் வாளியோடு, பெயர் கூப்பிடுவதற்காக நிற்கிற வரிசையில் கொண்டுபோய் விடும்.

1945 என்ற வருஷத்தை நாவலின் முதல் பக்கத்தில் பார்த்ததுமே எனக்கு இன்வெர்னஸ் மறைந்துவிட்டது.

பாட்டிக்கு இரண்டு கல்யாணம். எங்கள் வீட்டில் இதை யாரும் மறைத்ததில்லை. முதல் கணவரை ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்குக் கூட்டிப் போனார்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், அரிசி கிடைக்கும் என்று தோட்டத்தில் சொன்னார்களாம். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க் கைதிகள் சுமார் 12,000 பேர் அங்கே செத்தார்கள், அவர்களுக்குக் கல்லறையும் பெயர்ப் பலகையும் இருக்கின்றன. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பகுதி தமிழர்கள்.

1945 செப்டம்பர் 3-ஆம் தேதி பிரிட்டிஷ் படை பினாங்கில் திரும்ப வந்து இறங்கியது. போர் முடிந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். பாட்டிக்கு எதுவும் முடியவில்லை. புருஷன் வரவில்லை, செத்தார் என்றும் தகவல் இல்லை. தாலியைக் கழற்றுவதா போட்டிருப்பதா என்று தெரியாமல் மரவள்ளிக்கிழங்கு நட்டுக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் அதே லயத்திலிருந்து கூடப் போன ஒருவர் வீங்கிய காலோடு திரும்பி வந்து, முகாமில் காலரா வந்து போய்விட்டார், நான்தான் தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டேன் என்றார். அப்புறம் சில வருஷம் கழித்து என் தாத்தா. தோட்டத்து மாரியம்மன் கோவிலில் தாலி கட்டினார்.

கிளேர் இரண்டு மோதிரம் போட்டிருப்பாள். ஒரு கையில் ஃப்ராங்க் போட்ட தங்கம், இன்னொரு கையில் ஜேமி போட்ட வெள்ளி. எந்த ஒன்றையும் கழற்ற மாட்டாள். இதை ஒப்புக்கொள்ளாத வாசகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எப்படி ஒரு பெண் இருவரையும் நினைப்பாள் என்று. எனக்கு இதில் ஒரு சந்தேகமும் வரவில்லை, ஏனென்றால் வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆடி அமாவாசைக்குப் பாட்டி முதல் கணவருக்கு இலை போட்டுப் படைப்பார். தோட்டத்துக்குப் பின்னால் போய் அந்த வாழையிலையை அறுத்து வருவது தாத்தா. நுனி கிழியாமல் பார்த்து அறுத்து, துடைத்து, கொண்டுவந்து வைப்பார். கருவாட்டுக் குழம்பு அவருக்குப் பிடிக்கும் என்று பாட்டி சொல்லியிருக்கிறாராம், அமாவாசைக்கு மறுநாள் அதையும் ஆக்கி ஒரு கிண்ணத்தில் தனியே வைப்பார். தாத்தா ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. தாத்தா போனதற்கப்புறம் பாட்டி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இலை போட்டார். குன்றின்மேல் கதவைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்கிற ஜேமியைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் அந்தத் தாத்தாதான்.

நாவலில் எனக்கு மிகவும் பிடித்த குழப்பம் ஒன்று உண்டு. ரேண்டல் செத்துவிட்டான் என்ற செய்தி வரும்போது கிளேர் தன் தங்க மோதிரத்தைப் பார்க்கிறாள். அவன் பிள்ளை பெறாமல் செத்திருந்தால் ஃப்ராங்க் பிறந்திருக்கவே மாட்டானே, அப்படியானால் அவன் போட்ட மோதிரம் எப்படி இன்னும் விரலில் இருக்கிறது? கொடியவன் ஒழிய வேண்டும் என்றும் அவள் நினைக்கிறாள், அவன் ஒழிந்தால் தான் நேசித்த ஒருவன் இல்லாமல் போவான் என்றும் பயப்படுகிறாள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் அதிலேயே கிடந்தேன்.

காலராவில் ஆளைக் கொல்வது தண்ணீரும் உப்பும் உடம்பைவிட்டுப் போவதுதான். போகிற வேகத்துக்கு ஈடு கொடுத்து உள்ளே ஊற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலோரைக் காப்பாற்றலாம். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய தேக்கரண்டியால் சீனி ஆறு, உப்பு அரை. பேதியும் வாந்தியும் நிற்காவிட்டாலும் மிடறு மிடறாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்றைக்கு எந்தத் தாய்க்கும் சொல்லிக்கொடுப்பது இதுதான். 1971-இல் வங்கதேச அகதி முகாம்களில் இந்த முறையால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. 1943-இல் சயாம் காட்டில் அது யாருக்கும் தெரியாது. கிளேர் மூலிகையும் பூண்டும் வைத்துச் செய்த வைத்தியத்தைவிட என் கையில் பெரிய மருந்து இருக்கிறது. ஒரு கல் திறந்தால், அந்த முகாமில் ஒரு வாரம் இருந்தால் போதும். மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, சீனி கிடைக்காவிட்டால் கஞ்சித் தண்ணீரில் உப்பு போட்டு, பாட்டியின் முதல் கணவரை உட்கார வைத்து ஊட்டிவிட்டுத் திரும்பலாம்.

அவர் பிழைத்து வீட்டுக்கு வந்திருப்பார். பாட்டி தாலியைக் கழற்றியிருக்க மாட்டார். தாத்தாவோடு கல்யாணம் இல்லை, என் அம்மா இல்லை, அக்காளும் இல்லை, இந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து தந்த பெண்ணும் இல்லை.

இதை அக்காள் மகளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்படின்னா போவீங்களா மாட்டீங்களா?" என்று கேட்டாள். நர்ஸாகப் போகத்தான் வேண்டும் என்றேன். கண்ணெதிரே ஒருவர் நீர்வற்றிக் கிடந்தால் உன் பேத்தி யார் என்று கேட்டுக்கொண்டா தண்ணீர் கொடுப்போம்? அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. தான் பிறக்காமல் போவதை அவள் ஒப்புக்கொள்ள வேண்டியதும் இல்லை. நாங்கள் இன்னும் இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாகிவிட்டது. இந்த நாவல் காட்டும் கடந்த காலத்துக்குப் போக எனக்கு ஆசை இல்லை. ஜேமியை எவ்வளவு பிடித்திருந்தாலும் 1743 என் ஊர் இல்லை. ஆனால் என் ஆட்களின் கடந்த காலத்தை இவ்வளவு அக்கறையோடு, அடுப்புப் புகை வாசனையோடு, தோள் வலியோடு, இரண்டு கணவர்களோடு யாராவது எழுத வேண்டும் என்ற பசியை இது கிளப்பிவிட்டது. பெரட்டுக்களமும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையும் கள்ளுக்கடையும் இருக்கிற ஒரு காதல் கதை. அங்கே போய்ச் சேர்கிற நாயகிக்கு யாரும் அறை கொடுக்க மாட்டார்கள், சரி. லயத்தில் ஒரு பாய் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டும் காதல் வரும், என் வீட்டில் வந்திருக்கிறது.

இரண்டாம் பாகத்தின் பெயர் 'டிராகன்ஃப்ளை இன் ஆம்பர்'. 1992-இல் வந்தது. அதில் கிளேரும் ஜேமியும் பாரிஸுக்குப் போய், கல்லோடன் போர் நடக்காமல் தடுக்கப் பார்க்கிறார்கள் என்று தெரியும். எப்படிப் பார்த்தாலும் அது என்னுடைய கேள்விதான், தெரிந்த சாவைத் தடுக்கலாமா, தடுத்தால் யார் இல்லாமல் போவார்கள் என்பது. அக்காள் மகளிடமிருந்து வாங்கி வைத்திருக்கிறேன். இந்த வாரம் பகல் வேலை, அதனால் ராத்திரியில் படிக்கலாம். நீங்களும் படித்திருந்தால் அந்த இடுப்பு வார் அத்தியாயத்தை எப்படிக் கடந்தீர்கள் என்று எழுதுங்கள். கடக்க முடியாதவர்கள் எழுதினாலும் சந்தோஷம்.